புது பேட்டரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை: ஆல்டர்நேட்டரை மாற்றுவதா?

தலவாக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 110 கொரோலா. புது பேட்டரி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். இரவு மழையில் ஓட்டும்போது டேஷ்போர்டில் பேட்டரி லைட் மினுங்குகிறது, பகலில் ஒன்றுமில்லை. கராஜில் ஆல்டர்நேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். பகலில் இல்லை, இரவு மழையில் மட்டும் என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் அடியோடு போயிருந்தால் பகலிலும் பேட்டரி லைட் எரியும். உங்கள் காரில் சுமை ஏறினால்தான் சார்ஜ் தடுமாறுகிறது. ஹெட்லைட் இரண்டுக்கு மட்டுமே ஏறக்குறைய 10 ஆம்பியர் போகும். அதோடு வைப்பர், புளோவர், பின்கண்ணாடி ஹீட்டர். நானுஓயா பக்கம் பனிமூட்டத்தில் நின்று நின்று வரும்போது எஞ்சின் ஐட்லிங்கிலேயே கிடக்கும்; அந்த வேகத்தில் நல்ல ஆல்டர்நேட்டரே பாதித் திறன்கூடத் தராமல் போகலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால் இந்தக் கோளாறு பிடிபடாது.

முதலில் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். இறங்கிய பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. ஒரு இரவு சும்மா விட்டுக் காலையில் மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. ஸ்டார்ட் செய்தபின் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அடுத்து லைட், வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். 13.5க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போதவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு; அது பேட்டரியையே கொதிக்க வைத்துவிடும். (புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

சார்ஜ் போதவில்லை என்று தெரிந்தாலும் ஆல்டர்நேட்டர் மீது பழி போட இன்னும் நேரம் வரவில்லை. அதே சுமையோடு எஞ்சின் ஓடும்போதே மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் நட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் வையுங்கள். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் இடையிலேயே கோளாறு ஒளிந்திருக்கும். பிறகு சிவப்பு முனை மைனஸ் குமிழில், கறுப்பு முனை ஆல்டர்நேட்டர் உடம்பில். மீட்டர் காட்டுவது வழியிலேயே வீணாகும் வோல்டேஜ். 0.2ஐத் தாண்டினால் குற்றவாளி வயர்தான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் ஏர்த் வயரைக் கழற்றிப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் வளையத்துக்கு அடியில் பச்சை பூத்திருக்கும், மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பல கார்களில் வேலை முடிந்துவிடும்.

மழையில் கீச்சென்று கத்தி, கூடவே பேட்டரி லைட்டும் மினுங்கினால் ஆல்டர்நேட்டரைச் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சினை அணைத்து பெல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடி போல மினுமினுத்தால் மாற்றுங்கள், செலவு சொற்பம்.

சார்ஜ் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கினால், நிறுத்திய காரில் எதுவோ மின்சாரம் தின்கிறது. சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து மைனஸ் வயரில் ஆம்பியர் பாருங்கள். பொதுவாக 0.05க்கு மேல் போகக்கூடாது. கார் வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திய அலாரம், ரேடியோ ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் வருகிறதா" என்று பார்க்க யாரையும் விடாதீர்கள். அந்த நொடியில் பாயும் வோல்டேஜ் ரெகுலேட்டர், டயோடு, கம்ப்யூட்டர் எதையும் எரித்துவிடும்.

வயர், பெல்ட் எல்லாம் சரி, சுமையில் மட்டும் வோல்டேஜ் விழுகிறது என்றால் ஆல்டர்நேட்டரைக் கழற்றுங்கள். அப்போதும் முழு யூனிட்டை வாங்க அவசரப்படாமல், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு மூன்றையும் தனித்தனியே பார்க்கக்கூடிய ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.