ஆறு உரை, நாலு கவிதை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 20க்கு 12 அடியில் ஒரு புத்தகக் கடை நடத்துகிறேன். பெரும்பாலும் தமிழ்ப் புத்தகங்கள். கன்னடமும் ஆங்கிலமும் கொஞ்சம் உண்டு. போன வருஷம் இரண்டு எழுத்தாளர் சந்திப்பு வைத்தேன். முதலாவதுக்கு 40 பேர் வந்தார்கள், விற்றது 6 பிரதி. இரண்டாவதுக்குச் சென்னையிலிருந்து ஒரு கவிஞரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை மாலை 6 மணி என்று போட்டு 7க்குத் தொடங்கி, ஆறு பேர் பேசி முடிக்க 8.40 ஆகிவிட்டது. கவிஞர் நாலு கவிதை வாசித்தார். அப்போது மிச்சம் இருந்தது 9 பேர். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர். மறுபடி நடத்தலாமா? கட்டணம் வைக்கலாமா?
- வாசகி, அல்சூர்

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக நடத்துங்கள். அந்த ஆறு பேரை மட்டும் விட்டுவிடுங்கள்.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, ஏற்புரை, நன்றியுரை என்கிற வரிசை பெரிய மண்டபத்துக்கும், மரியாதை செய்தே ஆகவேண்டிய பிரமுகர்களுக்கும் ஏற்பட்டது. அதை 240 சதுர அடிக்குள் திணித்தால் மாப்பிள்ளையைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த கதைதான்.

பெங்களூரில் பேச்சைக் குறைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். காதில் விழுந்தால் முழுசாகப் புரியும். அச்சில் பார்த்தால் எழுத்துக்கூட்ட வேண்டும். இவர்களுக்குக் கவிதைக்குள் போக இருக்கிற வாசல் காதுதான். அந்த ஒரு மணி நேரத்தையும் உரைகள் தின்றுவிட்டால் இவர்கள் மறுபடி வரமாட்டார்கள். அழைப்பையும் இவர்களை நினைத்தே போடுங்கள்: நாள், நேரம், இடம் மூன்றும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சுவரொட்டியில் கன்னடம் மேலே வரட்டும். அதைக் கடைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினால் போதும், தெருவில் ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்க, அதைப் பார்த்து வருகிற ஆள் கவிதை கேட்க வருகிற ஆளாக இருக்கமாட்டார்.

சனிக்கிழமை மாலையை விடுங்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ கிளம்புகிறவருக்கு அது வீதியிலேயே கழியும். ஞாயிறு காலை 11 மணி சரி. சாலை காலியாக இருக்கும். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் அல்சூர் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். மே மாதமும் செப்டம்பர், அக்டோபரும் கொட்டுகிற மழை பெரும்பாலும் சாயங்காலத்து மழை, அதிலிருந்தும் தப்பிக்கலாம். தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டுங்கள். முகூர்த்த ஞாயிறாக இருந்தால் உங்கள் கூட்டத்தில் பாதி ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சியையொட்டிப் புதுப் புத்தகங்கள் வருவதால் பிப்ரவரி, மார்ச்சில் எழுத்தாளர்களைக் கூப்பிடுவது தோதானது. கையில் புதுசு இருக்கும், அலுப்பும் தீர்ந்திருக்கும்.

இனி கடைக்குள். நாற்காலிகளை நீளவாக்கில், பேருந்து மாதிரி அடுக்காதீர்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர்களின் தலைகள்தான் தெரியும். வாசிப்பவரை 20 அடிச் சுவரின் நடுவில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அலமாரி ஒவ்வொரு அடி எடுத்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சுவது 10 அடி அகலம். வாசிப்பவருக்கு இரண்டரை அடி, அவருக்கு எதிரே ஒரு ஜமக்காளம், அதற்குப் பின்னால் ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசைக் கைப்பிடி இல்லாத நாற்காலி. ஜமக்காளத்தில் எட்டு இளவட்டம் உட்காரும். ஆக 26 பேர், கடைசி ஆளும் ஏறக்குறைய 12 அடிக்குள். தாமதமாக வருகிறவர் குறுக்கே நடக்காமல் பக்கவாட்டில் நுழைந்துகொள்ளலாம். 40 பேர் நின்றுகொண்டு கேட்டதைவிட 26 பேர் உட்கார்ந்து கேட்பது மேல். நிற்கிறவர் கால் மாற்றும்போதே வாசலைப் பார்த்துவிடுவார்.

12 அடிக்கு மைக் வேண்டாம். கவிஞர் வயதானவர், குரல் சன்னம் என்றால் மட்டும் ஒன்று வையுங்கள். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். நேராகப் பிடித்தால் "அப்பா", "கப்பல்" என்கிற இடத்திலெல்லாம் பகரம் காற்றோடு போய் மோதி "டப்" என்று வெடிக்கும். ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால் நின்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் வைத்தால் அதன் சத்தத்தை மைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு கூவ ஆரம்பிக்கும். வாசிப்பவரின் தலைக்கு மேல் இருக்கும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தாள் படபடப்பதுதான் கூட்டத்தில் முதலில் கேட்கும். வாசிக்கப்போகும் பக்கங்களில் முன்கூட்டியே சீட்டு வைக்கச் சொல்லுங்கள். "எங்கேயோ இருந்துதே" என்று புரட்டுகிற ஒரு நிமிடத்தில் நாலு பேர் கைபேசியை எடுத்திருப்பார்கள்.

நேரம் இப்படிப் போகலாம். 11 மணிக்கு நீங்களே இரண்டு நிமிடம் பேசி வரவேற்றுவிடுங்கள். அடுத்து உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், பெயரை 10.45க்குள் கொடுத்திருக்க வேண்டும். இவர்களைக் கடைசியில் வைக்காதீர்கள். முதலில் வாசித்தவர், தன்னைக் கேட்ட கவிஞரைத் தானும் இருந்து கேட்பார். பிறகு கவிஞர் 20 நிமிடம். ஒரு பக்கக் கவிதையை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடம் ஆகும்; நடுவே மூச்சுவிட இடம் வேண்டும், ஆகவே ஏழெட்டுக் கவிதை போதும். பத்து வரிக்கு உட்பட்டதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள், முதல் தரம் கேட்பவர் பொருளைத் துரத்திக்கொண்டிருப்பார். அதன் பின் 15 நிமிட உரையாடல். கவிஞரோடு உரையாடுகிறவர் புத்தகத்தைப் படித்தவராக இருந்தாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேள்வி நேரம் 15 நிமிடம். கேள்வி என்று எழுந்து சொந்தக் கவிதையை எடுக்கிற அன்பர் எல்லா ஊரிலும் உண்டு. கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்கினால் அவருக்கு வழி இருக்காது. கடைசியில் நன்றியுரைக்குப் பதில் இன்னும் மூன்று கவிதை. 12.15க்கு முடியும்.

வருகிறவர் நாவலாசிரியர் என்றால் ஆறு ஆறு நிமிடத்தில் இரண்டு பகுதி, அதில் ஒன்று உரையாடல் மிகுந்த இடமாக இருக்கட்டும். முழுக் கதையையும் மேடையில் சொல்லித் தீர்க்கும் மதிப்புரையாளர் வேண்டவே வேண்டாம். 40 பேர் வந்து 6 பிரதி விற்பதற்கு இவரும் ஒரு காரணமாக இருப்பார்: கதை தெரிந்துவிட்டது, இனி எதற்கு வாங்குவது?

மற்றக் காரணங்கள் மேசையில் இருக்கும். பணம் வாங்கும் இடமும் கையெழுத்துப் போடும் இடமும் ஒன்றாக இருந்தால் வரிசை நகராது. யுபிஐ அட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். முதலில் பில், அப்புறம் கையெழுத்து. பில் போடும்போதே வாங்குபவரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல் பக்கத்தில் செருகிவிடுங்கள். சத்தத்தில் ஒருவர் "வள்ளி" என்பார், எழுத்தாளர் "வல்லி" என்று போட்டுவிடுவார், அந்தப் பிரதி பிறகு யாருக்கும் ஆகாது. 26 பேர் கூட்டத்துக்குப் புதுப் புத்தகம் 15, பழையவற்றில் இரண்டு தலைப்பு ஐந்தைந்து வரவழைத்தால் போதும். எத்தனை பிரதி, எத்தனை சதவீதக் கழிவு, விற்காததை எந்தத் தேதிக்குள் யார் செலவில் திருப்புவது என்று பதிப்பாளரிடம் நாலு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவில்தான். காப்பி கடைசியில் கொடுங்கள், 30 பேருக்கு 100 மில்லி வீதம் 3 லிட்டர். பக்கத்திலேயே குப்பைக்கூடை இல்லாவிட்டால் காலி டம்ளர்கள் புத்தக அடுக்கின் மேல்தான் உட்காரும்.

கட்டணம் வைக்கலாம், 100 ரூபாய். அதை அன்று வாங்கும் புத்தகத்தில் கழித்துவிடுங்கள். இலவசம் என்றால் வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே பெரிசு. 100 ரூபாய் கட்டியவர் ஞாயிறு காலை எழுந்துவிடுவார். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்ன வாங்குவார் என்று யோசித்தால், ஆங்கில, கன்னட மொழிபெயர்ப்புகளையும், பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்துப் புத்தகங்களையும் அதே மேசையில் வையுங்கள். அவை நகரும்.

கவிஞருக்கு என்ன கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். போக வர ரயில் கட்டணம், ஒரு தொகை, இரண்டையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சால்வைக்கும் கேடயத்துக்கும் செலவாகும் பணத்தைக் கவரில் போடுங்கள். எழுத்தாளர் வீட்டு அலமாரியில் சால்வைக்குப் பஞ்சமில்லை. இரவு ரயிலில் வந்து விடிகாலையில் இறங்குகிறவருக்குக் குளித்துப் படுக்க ஓர் அறை அவசியம். அதை மிச்சம் பிடித்தால் 11 மணிக்குக் குரலில் தெரியும். கூட்டம் 12.15க்கு முடிந்தால் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து அன்றிரவே வீடு போய்ச் சேரலாம்.

சட்டப் பக்கம் கொஞ்சம். பிறருடைய நூலிலிருந்து நியாயமான அளவுக்கு ஒரு பகுதியைப் பொதுவில் வாசிக்க 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுக் கவிதையை நகலெடுத்து விநியோகிப்பது அதில் சேராது, அனுமதி வாங்குங்கள். வாசித்ததைப் படம்பிடித்து யூடியூபில் போடவும் தனியாகக் கேட்க வேண்டும். வாசிக்கச் சம்மதித்தவர் அதற்கும் சம்மதித்ததாக ஆகாது.

வெளியூர்க் கவிஞரைக் கூப்பிடும் முன் ஒரு சின்னக் கூட்டம் நடத்திக் கை பழகுங்கள். உங்கள் பேட்டையிலேயே அதற்குப் பொருள் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை. குறள் இரண்டு அடி, சர்வக்ஞரின் திரிபதி மூன்று அடி. ஒரு குறள், ஒரு திரிபதி என்று மாற்றி மாற்றி, இரண்டு பேர், 40 நிமிடம். மூலத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், ரயில் டிக்கெட்டும் வேண்டாம். தமிழ் வாசிக்க அல்சூரில் ஆள் கிடைக்கும். கன்னடம் வாசிக்க உங்களிடம் கன்னடப் புத்தகம் வாங்குகிறவர்களில் ஒருவரைக் கேளுங்கள். இரண்டு மொழியிலும் பொருள் சொல்ல ஆளுக்கு அரை நிமிடம், அதற்கு மேல் போனால் அது ஏழாவது உரை.