அப்பாவுக்கு ஒரே ஒரு வரி

கேள்வி: எரேமியா 29:11-ஐ எனக்கான வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு, கடனிலிருந்து விடுதலை கேட்டு மூன்று வருடமாக உபவாசமிருந்து ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. தம்பி வேறு, அப்பாவைச் சில மாதம் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். விடுதலை வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். தேவனுடைய வாக்கு பொய்யாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் அப்பாவுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் "தம்பி வேறு" என்ற சலிப்போடு. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

முதலில் உங்கள் வசனம். உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று கர்த்தர் சொல்வது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிறது. வாக்குத்தத்த அட்டைகளில் 11ஆம் வசனத்தை அழகாக அச்சடிக்கிறார்கள். 10ஆம் வசனத்தை விட்டுவிடுகிறார்கள். எழுபது வருஷம் நிறைவேறின பிறகே ஊர் திரும்புவீர்கள் என்று அதில்தான் இருக்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்நிய மண்ணிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசின் கையில் விழுந்ததே கி.மு. 539-இல்தான். அதுவரை என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். குடும்பத்தை நடத்தாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி. அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை.

எரேமியாவைப் பிடித்துக்கொண்டீர்கள், சரி. 32ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் அதிகாரம் உனக்குத்தான்" என்கிறான். குடும்ப நிலத்தை வாங்கிக் காப்பாற்றும் உறவினர் உரிமை அது. யாராவது வாங்குவார்களா? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார். முற்றுகை முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்ல அவருக்கு உங்களைவிட நல்ல காரணம் இருந்தது. மறுபடியும் இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்ற வாக்கை அந்த மனுஷன் நம்பியது அப்படித்தான். உறவுக்காரன் வந்து நின்றபோது, தன் பங்கை அன்றைக்கே செய்தார்.

நீங்களோ மூத்த மகன். அனாமெயேல் கேட்டது பணம். தம்பி உங்களிடம் கேட்பது அப்பாவுக்கு ஒரு கட்டில் போடும் இடம். கடன்காரன் வீட்டில் அப்பா இருக்கக் கூடாது என்று எந்த வேதத்தில் இருக்கிறது? பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாயக்காரர் என்றே அழைத்தார். உங்கள் உபவாசமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

வாக்கு பொய்யாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. ஆனால் உங்கள் கடன் எந்தத் தேதியில் தீரும் என்று எரேமியா எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கே தம்பியைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு என்னென்ன மாத்திரை, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்ற கணக்கோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்பா உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு.