ஜாக் கூல்டின் இரண்டு மனம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தொலைக்காட்சி விமர்சகர் ஜாக் கூல்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். புதிய தொடர்களைப் பற்றி அவர் எழுதியவை பலவும் ‘இது நன்று, ஆனால் இது நன்றன்று’ என்ற வகையில் இருப்பதாகச் சொல்லும் நீங்கள், அதையே அவருடைய சிறப்பாகவும் சொல்கிறீர்கள். எனக்கு அவர் மதில் மேல் பூனையாகத்தான் தெரிகிறார். பார்க்கலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தானே வாசகர் விமர்சனத்தைப் படிக்கிறார்? இரண்டு பக்கமும் பேசி வைத்துவிட்டால், தொடர் வென்றாலும் தோற்றாலும் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? தவிரவும், உலகப் புகழ்பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாடவே வராது என்று எழுதியவர் இவர். அப்படிப்பட்டவரின் தீர்ப்பை இன்று ஏன் பொருட்படுத்த வேண்டும்? அவருடைய கட்டுரைகள் நூலாகக் கிடைக்கின்றனவா?

கே.

அன்புள்ள கே.,

எல்விஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. 1956 ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் என்பவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் பாடினார். கண்டறியத்தக்க பாடும் திறன் எதுவும் அவரிடம் இல்லை என்று மறுநாள் நாளிதழில் கூல்ட் எழுதினார். செப்டம்பரில் எட் சல்லிவனின் நிகழ்ச்சியில் எல்விஸ் தோன்றிய பிறகும் அவர் மனம் மாறவில்லை. பதின்ம வயதினரின் ஆர்வத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பொறுப்பில்லாமல் சுரண்டுவதாக இன்னொரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது இரண்டு பக்கமும் பேசிய விமர்சனம் அன்று. நீங்கள் கேட்பதுபோல, ஒரே வரியில், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்ட தீர்ப்பு. உங்கள் முதல் குற்றச்சாட்டும் கடைசிக் குற்றச்சாட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

ஒருமுகமான தீர்ப்பெல்லாம் தவறாகத்தான் முடியும் என்றும் நான் சொல்லவில்லை. 1955 ஜனவரி 12 அன்று ‘கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்’ வரிசையில் ராட் செர்லிங் எழுதிய ‘பேட்டர்ன்ஸ்’ என்ற நாடகம் நேரலையாக ஒளிபரப்பானது. ஒரு பெருநிறுவனத்தின் மேல்மாடி அறையில், வயதான அதிகாரி ஒருவரை மெல்ல மெல்ல வெளியேற்றுவதைப் பற்றிய நாடகம் அது. கூல்ட் அதை மனம் திறந்து பாராட்டி, இத்தகைய படைப்பை ஒரே இரவில் காற்றில் கரைய விடக் கூடாது, மீண்டும் காட்ட வேண்டும் என்று எழுதினார். ஒளிநாடாப் பதிவு வழக்கத்துக்கு வராத காலம் என்பதால், பிப்ரவரி 9 அன்று நடிகர்களை மறுபடியும் மேடையேற்றி, முழு நாடகத்தையும் இரண்டாம் முறை நேரலையாக நடிக்கச் செய்தார்கள். ‘பார்க்கலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தானே’ என்று கேட்டிருந்தீர்கள். அன்றைய வாசகர் காலையில் விமர்சனத்தைப் படிக்கும்போது, பார்ப்பதற்கு அந்த நாடகமே மிஞ்சியிருக்காது. தான் முந்தைய இரவில் பார்த்தது என்ன என்பதை இன்னொருவருடைய கண்ணால் மறுபடி எண்ணிப்பார்க்கவே அவர் படித்தார். வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்லும் கடைக்காரக் குறிப்பாக நாளிதழ் விமர்சனத்தை நாம் கருதத் தொடங்கியது பின்னால் வந்த பழக்கம்.

தனி நாடகத்துக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். திரைப்படமும் நாவலும் விமர்சகரிடம் வரும்போது முடிந்த பொருள்களாக வருகின்றன. புதிய தொடரோ முதல் அத்தியாயமாக மட்டுமே வருகிறது, அதுவும் பெரும்பாலும் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறுவதற்காக எடுக்கப்பட்ட மாதிரி அத்தியாயமாக. அமெரிக்காவில் 1989 ஜூலை 5 அன்று ‘த சைன்ஃபெல்ட் கிரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் ஒன்று ஒளிபரப்பானது. பின்னாளில் ‘சைன்ஃபெல்ட்’ என்ற பெயரில் 1998 வரை ஒன்பது சீசன்கள் ஓடிய தொடரின் முதல் அத்தியாயம் அதுதான். அதில் எலேன் என்ற பாத்திரமே கிடையாது. கிரேமர் என்று உலகம் அறிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் கெஸ்லர் என்று பெயர். நான்கு முதன்மைப் பாத்திரங்களில் ஒருவர் இன்னும் பிறக்காத, இன்னொருவருக்குப் பெயரே நிலைக்காத ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘இத்தொடர் சிறந்தது’ என்றோ ‘குப்பை’ என்றோ அடித்துச் சொல்பவருக்கு இருப்பது தெளிவு அன்று, அவசரம். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு நெல்லின் சுவையைப் பற்றிப் பேசுவது போன்றது அது. நாற்றின் நிறத்தைப் பற்றிப் பேசலாம், மண்ணைப் பற்றிப் பேசலாம். நேர்மையான விமர்சகர் அதைத்தான் பேசுகிறார்.

இனி, என் கட்டுரையில் சுருக்கமாகக் கடந்துபோன ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். 1971 ஜனவரி 12 (செர்லிங்கின் நாடகம் வந்த அதே தேதி, தற்செயல்தான்) அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடங்கியது. பிபிசியில் ஜானி ஸ்பெய்ட் எழுதி வந்த ஒரு நகைச்சுவைத் தொடரைத் தயாரிப்பாளர் நார்மன் லியர் அமெரிக்கச் சூழலுக்கு மாற்றியிருந்தார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளையினத் தொழிலாளி, கறுப்பர்களையும் யூதர்களையும் புலம்பெயர்ந்தவர்களையும் வாய்க்கு வந்தபடி இகழ்கிறார். தாராளவாதியான மருமகன் அவரோடு ஓயாமல் மோதுகிறான். ஏபிசி நிறுவனம் இதற்கு இரண்டு மாதிரி அத்தியாயங்களை எடுக்கச் செய்து, இரண்டையும் வேண்டாம் என்று தள்ளியிருந்தது. ஏற்றுக்கொண்ட சிபிஎஸ்ஸும் அச்சத்தோடுதான் ஏற்றுக்கொண்டது. மனிதரின் பலவீனங்களும் முற்சாய்வுகளும் எவ்வளவு அபத்தமானவை என்பதைச் சிரிப்பின் வழியாகக் காட்டுவதே நோக்கம் என்று ஓர் அறிவிப்பைப் போட்ட பிறகே முதல் அத்தியாயத்தை ஓடவிட்டது. எதிர்ப்பு அழைப்புகள் குவியும் என்று கூடுதல் தொலைபேசிப் பணியாளர்களை அமர்த்தியது. எதிர்பார்த்த அளவுக்கு அழைப்புகள் வரவில்லை.

முதல் நாளன்றே நியூயார்க் டைம்ஸில் ஃபிரெட் ஃபெரெட்டி எழுதிவிட்டார். இனவெறியும் முற்சாய்வும் சிரிப்புக்குரியவையா என்ற கேள்வியோடு தொடங்கிய அக்கட்டுரைக்குத் தொடர் பிடிக்கவில்லை. அதே நாளிதழில் கூல்ட் ஏறத்தாழ ஆறு வாரங்கள் காத்திருந்து, பிப்ரவரி 21 அன்று எழுதினார். ஆர்ச்சியின் சில சொற்கள் கேட்பவரின் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கக்கூடும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால், தலைமுறை தலைமுறையாக மனிதர் எடுத்த முயற்சிகளுக்கெல்லாம் அசையாத ஒரு நோயைச் சிரிப்பு என்ற ஆயுதம் ஒருவேளை அசைத்துப் பார்க்கலாம், முயன்று பார்ப்பதில் தவறில்லை என்கிறார். இந்த ‘ஒருவேளை’யைத்தான் நீங்கள் மதில் என்கிறீர்கள். எனக்கோ அக்கட்டுரையின் மிகக் கறாரான சொல் அதுவே என்று தோன்றுகிறது. தொடர் சிரிக்க வைக்கிறதா என்பதில் கூல்டுக்கு ஐயம் இல்லை. அந்தச் சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது, ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்களா அல்லது ஆர்ச்சியோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்பதிலேதான் ஐயம். பிப்ரவரி 1971இல் அதற்கு விடை எவரிடமும் இருக்க வழியில்லை.

பின்னால் நடந்ததைப் பார்த்தால், அந்தப் பிளவு அவருடைய மனத்தில் மட்டும் இருக்கவில்லை என்பது தெரியும். அதே ஆண்டு செப்டம்பரில் நாவலாசிரியர் லாரா ஹாப்சன் அதே நாளிதழில் கடுமையாக எழுதினார். உண்மையான வெறுப்பாளர்கள் பயன்படுத்தும் கொடிய சொற்களைத் தவிர்த்துவிட்டு, முற்சாய்வைப் பழகத்தக்கதாக, அன்புக்குரியதாகக்கூட ஆக்கிவிட்டது இத்தொடர் என்பது அவர் வாதம். அக்டோபரில் லியர் அதற்குப் பதில் எழுதினார். 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களிடம் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். முற்சாய்வு குறைந்தவர்கள் இத்தொடரை ஆர்ச்சி மீதான கிண்டலாகப் பார்க்க, முற்சாய்வு மிகுந்தவர்கள் ஆர்ச்சியையே தங்கள் தரப்பாகக் கண்டு மகிழ்ந்திருந்தார்கள். இதற்கிடையில் தொடர் ஐந்து சீசன்கள் தொடர்ந்து அமெரிக்காவின் ரேட்டிங் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. வெற்றியைப் பார்த்து ‘ஃபெரெட்டி தோற்றார்’ என்று சொல்வது எளிது. ஆனால் ரேட்டிங் பதில் சொன்ன கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

‘நான் அப்போதே சொன்னேன்’ என்று சொல்லிக்கொள்வதற்காக எழுதப்படும் இரட்டைப் பேச்சும் உண்டுதான், அதை நான் மறைக்கவில்லை. நடிப்பு அருமை, இசை பரவாயில்லை, திரைக்கதையில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம் என்று மளிகைச் சீட்டுப்போல எழுதுவது அந்த வகை. நானும் ஒரு காலத்தில் ஒரு வார இதழுக்கு அப்படி எழுதியிருக்கிறேன், பக்கம் நிரம்பியது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றே: நல்லதாகச் சொன்னதும் கெட்டதாகச் சொன்னதும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா? கூல்டின் கட்டுரையில் ஆர்ச்சியின் பேச்சே சிரிப்புக்கும் காரணம், அச்சத்துக்கும் காரணம். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது இல்லை. மளிகைச் சீட்டில் எந்த வரியை எடுத்துவிட்டாலும் மற்ற வரிகளுக்கு ஒன்றும் ஆகாது.

இன்று நிலைமை வேறு. முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிடும் ஓடிடி நிறுவனங்கள் பல அத்தியாயங்களை முன்கூட்டியே விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுகின்றன என்பதால், மாதிரி அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுத வேண்டிய இக்கட்டு குறைந்திருக்கிறது. ஆனால் எழுதியதன் கதி மோசமாகியிருக்கிறது. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ போன்ற தளங்களில் ஒவ்வொரு விமர்சனமும் சாதகம் அல்லது பாதகம் என்ற இரண்டு கூடைகளில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். சாதகங்கள் நூற்றுக்கு 60 என்ற கோட்டைத் தொட்டால், நன்று என்பதற்கு அடையாளமாக அத்தளத்தில் ஒரு சிவப்புத் தக்காளி. கூல்டின் அந்த ‘ஒருவேளை’யை எந்தக் கூடையில் போடுவார்கள் என்று சில சமயம் யோசித்துப் பார்ப்பேன். சாதகக் கூடையில்தான் போட்டிருப்பார்கள். முதுகுத்தண்டு சில்லிட்டது கணக்கில் வந்திருக்காது.

நூலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூல்டின் மகன் லூயிஸ் கூல்ட் வரலாற்றாசிரியர். தந்தையின் விமர்சனங்களிலிருந்து தேர்ந்தெடுத்து அவர் தொகுத்த நூலை டெக்சாஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2002இல் வெளியிட்டது. படிக்கும்போது ஒவ்வொரு கட்டுரையின் தேதியையும், அந்த நிகழ்ச்சி தொடங்கிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள். மறுநாள் காலையில் எழுதியதற்கும் ஆறு வாரம் கழித்து எழுதியதற்கும் குரலில் வேறுபாடு தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.