த்ரில்லர் குறும்படத்தின் தொடக்கக் காட்சியைத் திட்டமிடுவது எப்படி? மற்ற படங்களின் தொடக்கங்களை எப்படி ஆராய வேண்டும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. "இருட்டு, ஓடும் கால்கள், மழை, கடிகாரம், பின்னணியில் கனமான இசை, எல்லாம் சேர்த்துவிட்டேன். இன்னும் என்ன சேர்க்கலாம், எத்தனை ஷாட் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்கான புராஜெக்ட் என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடத் தொடக்கம் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி, கூடவே நாலைந்து படங்களை ஆராய்ந்து எழுதவும் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, விஷயம் ஒன்றுதான். நான் எடிட்டர். பெரும்பாலும் குறும்படங்கள். இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காராத இயக்குநர்கள் குறைவு.

சேர்ப்பதை விட்டுவிடுங்கள். த்ரில்லரின் தொடக்கத்தில் யோசிக்க வேண்டியது ஒரே கணக்குதான்: பார்ப்பவருக்கு என்ன தெரியும், திரையில் இருப்பவருக்கு என்ன தெரியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால் பட்டப்பகலில், பளிச்சென்ற வெளிச்சத்தில் எடுத்தாலும் வயிற்றைப் பிசையும். அது இல்லையென்றால் எத்தனை லிட்டர் மழை பெய்தாலும் ஆள் நனைவார், அவ்வளவுதான்.

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது ரசிகனுக்குத் தெரிந்து, பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் பதற்றம் என்று 'சைக்கோ' எடுத்த ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்களும் காட்டுவீர்கள், காட்டுங்கள், மதிப்பெண் கிடைக்கும். அதையே நேராகத் திரையில் பார்க்க வேண்டுமென்றால் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் முதல் ஷாட்டைப் பாருங்கள். ஒரு கை வெடிகுண்டின் டைமரைத் திருகுகிறது. ஆள் ஓடிப்போய் ஒரு காரின் டிக்கிக்குள் அதை வைக்கிறான். காரின் சொந்தக்காரரும் ஒரு பெண்ணும் வந்து ஏறிக் கிளம்புகிறார்கள். கேமரா கிரேனில் ஏறிக் கூரைக்கு மேலே போய், மறுபடி தெருவுக்கு இறங்கி, அந்தக் காரை விட்டுவிட்டு நடந்து போகும் ஒரு தம்பதியோடு சேர்ந்துகொள்கிறது. கார் பின்தங்குகிறது, பக்கத்தில் வருகிறது, மறுபடி விலகுகிறது. எல்லைச் சோதனைச் சாவடியில் கார் நிற்கும்போது, உள்ளே இருக்கும் பெண் தலைக்குள் டிக் டிக்கென்று ஏதோ சத்தம் கேட்கிறது என்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு கட் கூட இல்லை. வெடிக்கும் சத்தம் வந்த பிறகுதான் முதல் கட்.

இதில் கேமரா வித்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தம்பதி காரின் பக்கத்தில் வரும் ஒவ்வொரு முறையும் நாம் மூச்சைப் பிடிப்பது. அவர்கள் நடப்பது சாதாரண நடை. டைமர் நமக்குத் தெரியும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது என் கதை. இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

ஒரு குறும்படம் வந்தது. தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் கார் பார்க்கிங்கில் தொடங்கும் கதை. இயக்குநர் சின்ன வயசு, திறமையான பையன். ஸ்கிரிப்டில் தொடக்கம் இப்படி இருந்தது: நகரத்துக்கு மேலே ட்ரோன், மரணத்தைப் பற்றி ஒரு கனமான குரல், ஓடும் ஷூக்கள், தரையில் ஒரு சொட்டு ரத்தம், டைட்டில். எல்லாவற்றையும் நன்றாகவே எடுத்திருந்தார்கள். டைம்லைனில் போட்டுப் பார்த்தால் அழகாக இருந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஓடுவது யார், எதற்கு ஓடுகிறார், தப்பித்தால் நமக்கு என்ன, ஒன்றும் தெரியாது. முகம் தெரியாத கால்கள் ஓடினால் பார்ப்பவனுக்குக் கவலை வராது.

நான் ரஷ்ஷஸ், அதாவது எடிட் செய்யாத மொத்தப் பதிவு, முழுவதையும் பார்ப்பவன், "கட்" சொன்ன பிறகு ஓடும் ஃபுட்டேஜையும் சேர்த்து. அப்படிப் பார்க்கும்போது ஒரு துண்டு சிக்கியது. வைட் ஷாட், கேமரா ஸ்டாண்டில். நடிகர் அடுத்த டேக்குக்காகக் காத்திருக்கிறார். உதவியாளர் கேமராவை நிறுத்தவில்லை. பழைய கார், டிக்கி சரியாகப் பூட்டிக்கொள்ளாது. இவர் டிக்கியை அழுத்தி மூடுகிறார், நாலடி நடக்கிறார், அது ஒரு விரல் அளவுக்கு எழும்புகிறது. திரும்பி வந்து உள்ளங்கையை வைத்து முழு எடையோடு அழுத்துகிறார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். அப்புறம் கேமராவுக்கு வலப்பக்கமாக ஒரு பார்வை. இயக்குநர் தயாரா என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் திரையில் அது வேறு மாதிரி இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திருட்டுத்தனமாகப் பார்க்கும் பார்வை.

அதையே தொடக்கமாக வைத்தேன். ட்ரோன் இல்லை, குரல் இல்லை, இசை இல்லை. இயக்குநருக்குப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணா, இதுல ஒண்ணுமே நடக்கலையே."

"உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தோணுச்சா இல்லையா தம்பி?"

"எனக்குத் தெரியுமே, நான்தானே எழுதினேன்."

அங்கேதான் பிரச்சினையே. எழுதியவருக்கு எல்லாம் தெரியும், அதனால் அந்த டிக்கி அவருக்கு வெறும் டிக்கி. கதை தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து பார்க்க வைத்தோம். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி டிக்கிக்குள் என்ன என்பதுதான். தம்பி அதற்குப் பிறகு வாதம் செய்யவில்லை.

சத்தம் மட்டும் பாக்கி. அந்தத் துண்டில் இருந்தது கேமரா மைக்கில் அடையாளத்துக்காக மட்டும் பதிவான சத்தம் (கைடு ட்ராக்), உதவாது. அதே பார்க்கிங்குக்கு அதே காரைக் கொண்டுபோய் டிக்கி மூடும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தோம். காலி டிக்கி மூடினால் தகரம் அதிரும், டங்கென்று வெறுமையாகக் கேட்கும். மூட்டை மூட்டையாகத் துணியை அடைத்து மூடினால் சத்தம் அமுங்கிவிடும், தொம் என்று விழும். முதல் மூடலுக்கும் இரண்டாவதற்கும் அமுங்கிய சத்தத்தையே போட்டோம். பார்ப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். ஆனால் உள்ளே கனமாக, மெத்தென்று ஏதோ இருக்கிறது என்பது அவர் காதுக்குப் போய்விடும். டியூப் லைட்டின் ரீங்காரத்தை அடியில் ஓடவிட்டு, நடிகர் ஃப்ரேமை விட்டுப் போன பிறகும் காரை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தேன். அப்புறம் கறுப்புத் திரை, டைட்டில்.

திரையிடலில் எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "ஆளா இருக்குமோ?" என்று கிசுகிசுத்தார். எனக்கு வேறு விருது வேண்டாம். முடிந்த பிறகு ஒருவர் எழுந்து "தொடக்கம் ரொம்ப மெதுவா இருக்கு" என்றார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்பீர்கள்.

"எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது, வேகமாகத் தொடங்கும் நல்ல த்ரில்லர்கள் இல்லையா?" என்று கமென்டில் யாராவது வருவார்கள். இருக்கின்றன. 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தில் தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து சிவாஜி கணேசன் விழுந்துவிடுகிறார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சுட்டது யார் என்ற ஒரே கேள்வியில் படம் முழுக்க ஓடுகிறது. எஸ். பாலசந்தர் அதை எடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகியும், கதாநாயகனை முதலிலேயே கொல்லும் துணிச்சல் பலருக்கு வரவில்லை. வேகம் என் எதிரி கிடையாது. அந்தத் துப்பாக்கிச் சத்தமும் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. உங்கள் ஓடும் கால்கள் எந்தக் கேள்வியைக் கொடுக்கின்றன என்பதுதான் என் சந்தேகம்.

ஆராய்வது பற்றி. க்ளோசப், லோ ஆங்கிள், லோ கீ லைட்டிங் (நிழல் மிகுந்த ஒளி) என்று ஷாட் பிரேக்டவுன் எழுதித் தருவதை ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் கேட்டால் எழுதுங்கள், ஆனால் அதிலிருந்து உங்கள் படத்துக்கு ஒன்றும் கிடைக்காது. நான் செய்வது இது. முதலில் சும்மா பார்ப்பேன். பிறகு சத்தத்தை மூடிவிட்டுப் பார்ப்பேன். பிறகு திரையைத் திருப்பி வைத்துக் காதால் மட்டும் கேட்பேன். ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்தி, இந்த நொடியில் எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது, என்ன தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது, இரண்டை மட்டும் நேரத்தோடு குறித்துக்கொள்வேன். பத்து வரி எழுதுவதற்குள் அந்த இயக்குநரின் கணக்குப் பிடிபட்டுவிடும்.

'சைக்கோ' (1960) படத்தை இப்படிப் பாருங்கள். ஊர்ப் பெயர், தேதி, கிழமை, பிற்பகல் 2:43 என்று எழுத்துகள். பிறகு கேமரா கட்டடங்களைத் தாண்டி, பாதி இறக்கிய ஜன்னல் மறைப்புக்கு அடியில் நுழைந்து ஓர் ஆணும் பெண்ணும் இருக்கும் அறைக்குள் போகிறது. கொலை இல்லை, கத்தி இல்லை. பகல். ஆனால் நிமிடக் கணக்காக நேரம் சொன்னதால் போலீஸ் அறிக்கை படிப்பது போல ஆகிவிடுகிறது, ஜன்னல் வழியாக நுழைந்ததால் ஒளிந்து பார்ப்பவர்களாக நாம் ஆகிவிடுகிறோம். அதற்கு முன்னாலேயே சால் பாஸின் டைட்டில் கோடுகளும் பெர்னார்ட் ஹெர்மனின் தந்தி வாத்தியங்களும் பாதி வேலையை முடித்துவிட்டன, அது உண்மை. இசையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. டெம்ப் மியூசிக்கை, அதாவது தற்காலிகமாக வேறெங்கிருந்தோ எடுத்த இசையை, போட்டுக்கொண்டு எடிட் பண்ணாதீர்கள் என்கிறேன். காட்சியில் இல்லாத பயத்தை இசை கடன் கொடுத்துவிடும், பிறகு காட்சி சரியா தவறா என்றே உங்களுக்குத் தெரியாது.

டைட்டிலையும் இதே கணக்கில் பாருங்கள். 'செவன்' (1995) படத்துக்குக் கைல் கூப்பர் செய்த டைட்டிலில் ஒரு கை ரேசர் பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகிறது, நோட்டுப் புத்தகங்களைத் தைக்கிறது. அலங்காரம் என்று நினைத்துப் பார்த்திருப்போம். கைரேகை ஏன் கிடைக்கவில்லை என்பதும், அந்த நோட்டுகள் யாருடையவை என்பதும் படத்தில் பின்னால்தான் வருகிறது. துப்பு முதலிலேயே நம் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது.

மாறாக, டைட்டில் காட்சியைக் கெடுத்த கதையும் உண்டு. மேலே சொன்ன வெல்ஸின் ஷாட் மீது நடிகர்கள், கலைஞர்களின் பெயர்களை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுத்தான் ஸ்டூடியோ படத்தை வெளியிட்டது. படத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். 1998-இல்தான் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மறுபடி எடிட் செய்தார். பெயர்கள் போயின, அந்த இசைக்குப் பதிலாகத் தெருவோரக் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டுகள் ஒன்றில் ஒன்று கலந்து கேட்கின்றன. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். புராஜெக்டுக்கு இது ஒன்றே போதும்.

திட்டமிடும்போது முதல் காட்சியைக் கடைசியாக எழுதுங்கள். முடிவு தெரிந்தால்தான் எதை மறைக்க வேண்டும் என்று தெரியும். பெயர்கள் எந்த ஷாட் மீது வரும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்து ஃப்ரேமில் இடம் விட்டு எடுங்கள். லொகேஷனை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி அந்த இடத்தின் இயல்பான சத்தத்தை (ஆம்பியன்ஸ்) ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உச்சக்கட்டத்திலிருந்து ஒரு துண்டை முன்னால் கொண்டுவந்து ஒட்டி, "24 மணி நேரத்துக்கு முன்பு" என்று போடும் யோசனை வந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் உண்மையான தொடக்கம் சரியில்லை என்பதால் வரும் யோசனை அது.

இனிச் சொல்வதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. அந்த டிக்கிப் படத்துக்கு ட்ரெய்லர் வெட்டித் தரச் சொன்னார்கள். "சின்ன வேலைதானே அண்ணா" என்றார்கள், சம்பளப் பேச்சே இல்லை. எடிட்டர் என்றால் ட்ரெய்லர், டீசர், போஸ்டருக்கு ஸ்டில், ஃபோனுக்கான செங்குத்து வடிவம் எல்லாம் கூடவே இலவசம் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை. முடியாது என்றேன். வேறு யாரையோ வைத்து வெட்டினார்கள். ட்ரெய்லரின் முதல் ஷாட்டே டிக்கி திறப்பதுதான், உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிறது. நாங்கள் துணி அடைத்து மூடி மூடிப் பதிவு செய்ததெல்லாம் அதோடு போச்சு. ட்ரெய்லர் பார்த்துவிட்டுப் படத்துக்கு வந்த ஒருவர்கூட அந்த முதல் காட்சியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கமாட்டார்.

சரி, எத்தனை ஷாட் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுடையது ஒன்று.