மைனஸ் விடை எங்கிருந்து வந்தது?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன் சார். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 200 கிராம் தண்ணீரில், 0 டிகிரியில் உள்ள 100 கிராம் ஐஸைப் போட்டால் கடைசி வெப்பநிலை என்ன? மூன்று தடவை போட்டும் மைனஸ் 6.67 என்றே வருகிறது. எங்கே தப்பு?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உன் கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான் அம்மா. ஐஸ் முழுக்க உருகிவிடும் என்று முதல் வரியிலேயே முடிவு கட்டிவிட்டாய், அதுதான் தப்பு. நான் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்த ஒவ்வொரு வருஷமும் பாதிப் பேர் இங்கேதான் வழுக்கினார்கள்.

சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு வரவு செலவு பார். தண்ணீர் 0 டிகிரி வரை குளிர்ந்தால் தரக்கூடியது 200 × 30 = 6000 கலோரி. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். 100 கிராமுக்கு 8000. கையில் இருப்பது போதாது. 6000-ஐ 80-ஆல் வகுத்தால் 75 கிராம் உருகும், மீதி 25 கிராம் மிதக்கும். விடை 0 டிகிரி. (பாத்திரத்தையும் வெளிக்காற்றையும் கணக்கில் சேர்க்கவில்லை.)

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸை நிறையப் போட்டுக் கலக்கிப் பார். ஐஸ் மிதக்கும் வரை தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போகவே போகாது.

உராய்வுக் கணக்கிலும் இதே பொறி உண்டு. நிலை உராய்வு (நிற்கும் பொருளை நகரவிடாமல் தடுக்கும் விசை) 40 நியூட்டன் வரை தாங்கும் பெட்டியை 20 நியூட்டனில் தள்ளினால், உராய்வும் 20 மட்டுமே. 40 என்று எழுதினால் பெட்டி உன் பக்கமே ஓடி வரும்!