வாசகர் கேள்விகள்: போர் ஓய்ந்தபின் பேச்சுவார்த்தை மேசையில்

கேள்வி: முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 அன்றே ஓய்ந்துவிட்டது. ஆனால் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்றுதான். தோற்றுப்போன நாட்டிடம் கையெழுத்து வாங்க ஏழு மாதத்துக்கு மேல் ஏன் ஆயிற்று? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அந்த ஏழு மாதத்தில் ஜெர்மனியோடு பேசிய நேரம் மிகச் சொற்பம். பாரிஸ் மாநாடு 1919 ஜனவரி 18 அன்று தொடங்கியது. ஜெர்மன் தூதுக்குழுவின் கையில் வரைவு கொடுக்கப்பட்டதோ மே 7 அன்று. இடைப்பட்ட காலம் முழுவதும் வென்ற நாடுகள், பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த பங்காளிகளைப்போலத் தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ ரைன் நதியின் இடதுகரையை ஜெர்மனியிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அமெரிக்க அதிபர் வில்சனும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜும் அதற்கு இணங்கவில்லை. அதற்குப் பதிலாக, ஜெர்மனி மறுபடி தாக்கினால் எங்கள் இரு நாடுகளும் துணைக்கு வரும் என்று உறுதியளித்தார்கள். அந்த உறுதியையும், ரைன் பகுதியில் பதினைந்து ஆண்டுப் படைக் காவலையும் பெற்றுக்கொண்டு கிளெமன்சோ தன் கோரிக்கையை விட்டுக்கொடுத்தார். இத்தாலியப் பிரதமர் ஆர்லாண்டோ ஃபியூமே துறைமுகம் கிடைக்காததால் ஏப்ரலில் மாநாட்டைவிட்டே வெளியேறினார். இத்தாலி போன நேரத்தில் ஜப்பானும் போய்விடக் கூடாது என்ற கவலையில், சீனாவின் ஷான்டோங் பகுதியில் ஜெர்மனி அனுபவித்துவந்த உரிமைகளை ஜப்பானுக்கே தர வில்சன் சம்மதித்தார். நேச நாடுகளின் பக்கம் நின்ற சீனா, அதன் காரணமாகக் கடைசியில் கையெழுத்திட மறுத்துவிட்டது.

ஆக, மே மாதம் ஜெர்மனியிடம் நீட்டப்பட்ட வரைவின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் வென்றவர்களுக்குள் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒன்றை அசைத்தால் அதற்கு ஈடாகக் கொடுத்ததையும் திறந்து பேச வேண்டிவரும். ஜெர்மானியர்களை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசாமல், சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுங்கள் என்று சொன்னதற்கு ஆணவம் மட்டுமல்ல, இந்தப் பயமும் காரணம் என்பது என் கருத்து. வரைவு வழங்கப்பட்ட அன்று கிளெமன்சோ எழுந்து நின்று பேசினார். ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் பிராக்டார்ஃப்-ரன்ட்சாவோ நாற்காலியைவிட்டு எழாமலே பதிலுரையை வாசித்தார். அது அவமதிப்பா, உடல்நிலையா என்று அப்போதே வாதம் எழுந்தது. ஜெர்மனியின் நீண்ட எழுத்துப்பூர்வ ஆட்சேபங்களுக்குப் பிறகு கிடைத்த மாற்றங்களில் குறிப்பிடத்தக்கது, மேல் சைலீசியா பகுதி ஜெர்மனிக்கா போலந்துக்கா என்று அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடத்த ஒப்புக்கொண்டது ஒன்றுதான். கையெழுத்திட மனமில்லாத ஜெர்மன் பிரதமர் ஷைடமானின் அரசு ஜூன் 20 அன்று பதவி விலகியது. ஆனால் போர்நிறுத்தத்துக்குப் பிறகும் விலக்கப்படாத கடல் முற்றுகை ஒருபுறமும், படையெடுப்பு எச்சரிக்கை மறுபுறமும் நெருக்க, புதிய அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதற்குப் பிறகும் வில்சனுக்கு இன்னொரு பேச்சுவார்த்தை மிச்சம் இருந்தது. அது அவருடைய சொந்த ஊரில். அமெரிக்க செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் தேவை என்று தெரிந்திருந்தும், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர் ஒருவரைக்கூட அவர் பாரிசுக்கு அழைத்துச் செல்லவில்லை. 1920 மார்ச்சில் நடந்த கடைசி வாக்கெடுப்பில் 49க்கு 35 என்ற கணக்கில், ஏழு வாக்குகள் குறைந்து உடன்படிக்கை தோற்றது. அதோடு பிரான்சுக்குத் தரப்பட்ட பாதுகாப்பு உறுதியும் காலாவதியானது. ரைன் கோரிக்கையை எதை நம்பிக் கிளெமன்சோ கைவிட்டாரோ, அதுவே இல்லாமல் போயிற்று.

கேள்வி: ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீட்டுத் தொகை உடன்படிக்கையில் எழுதப்படவே இல்லை என்று படித்தேன். உண்மையா? (ஈரோடு வாசகர்)

பதில்: உண்மைதான். 1918 டிசம்பர் தேர்தலில் ஜெர்மனியிடம் கடைசிக் காசு வரை வசூலிப்போம் என்ற முழக்கத்தோடு பிரிட்டனில் வாக்குக் கேட்கப்பட்டது. ஜெர்மனியால் உண்மையில் கட்ட முடிகிற தொகையை எழுதினால் உள்ளூர் வாக்காளர் விடமாட்டார். வாக்காளர் எதிர்பார்த்த தொகையை எழுதினால் அது நடக்காத காரியம். எனவே அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள். 1921-ல் குறிக்கப்பட்ட தொகை 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடிக்கான பத்திரங்கள் வசூலாகும் என்று விவரம் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை. மக்களுக்குக் காட்டுவதற்காகவே பெரிய எண் தேவைப்பட்டது.

பேர்போன 231-ஆம் பிரிவும் இதே சிக்கலில் பிறந்ததுதான். ஜெர்மனிக்குச் சட்டப்படியான பொறுப்பு முழுவதும் உண்டு என்று ஒரு பிரிவிலும், அவ்வளவையும் கட்ட அதனிடம் வசதி இல்லை என்று அடுத்த பிரிவிலும் எழுதினார்கள். ஜெர்மனியில் முதற்பிரிவை மட்டுமே படித்து, போர்ப்பழி முழுவதையும் தங்கள்மேல் சுமத்திவிட்டதாகக் கொதித்தார்கள். இந்தப் பிரிவை வரைந்தவர்களில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற இளம் அமெரிக்க வழக்கறிஞர். அவர் கீழே மறுபடி வருகிறார்.

கேள்வி: அந்த மாநாட்டில் இந்தியாவுக்கு இடம் இருந்ததா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இருக்கை இருந்தது, குரல் இல்லை. இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். காங்கிரஸ் தேர்ந்தெடுத்த திலகருக்குப் பாரிஸ் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. சுயநிர்ணயம் பற்றி அங்கே பேசிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில்தான் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது.

கேள்வி: இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானுடனான உடன்படிக்கைக்கு ஏன் ஆறாண்டு பிடித்தது? அதில் இந்தியா ஏன் கையெழுத்திடவில்லை? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஜப்பான் 1945-லேயே நிபந்தனையின்றிச் சரணடைந்துவிட்டது. மோதல் எழுந்தது வென்றவர்களுக்குள். சீனாவில் பீஜிங் அரசை பிரிட்டன் அங்கீகரித்திருந்தது, தைவானுக்கு இடம்பெயர்ந்திருந்த தைப்பே அரசை அமெரிக்கா அங்கீகரித்தது. எதை அழைப்பது என்று ஒத்துப்போக முடியாமல் இரண்டையுமே அழைக்காமல் விட்டார்கள். கொரியாவுக்கும் அழைப்பில்லை. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்றும் கையெழுத்திடவில்லை.

அந்த உடன்படிக்கையை முன்னின்று வடித்தவர் அதே டல்லஸ். 1919-இன் அனுபவமோ, கொரியப் போர் நடக்கும் நேரத்தில் ஜப்பானைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் தேவையோ, பெரும் இழப்பீட்டை அவர் தவிர்த்தார். இரண்டாவது காரணமே வலுவானது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாராளம் ஆசிய நாடுகளின் கணக்கில் எழுதப்பட்டது. 800 கோடி டாலர் கேட்ட பிலிப்பைன்சுக்கு 1956-ல் ஒத்துக்கொள்ளப்பட்டது 55 கோடி. இலங்கையின் சார்பில் ஜே.ஆர். ஜெயவர்தனா, பகை பகையால் தணிவதில்லை என்ற புத்தர் வாக்கை எடுத்துச்சொல்லி இழப்பீடு வேண்டாம் என்றார்.

இந்தியாவும் இழப்பீடு கேட்கவில்லை. அதன் ஆட்சேபம் வேறு: அந்நியப் படைகள் ஜப்பானில் தங்க வழிவிடப்பட்டதும், ரியூக்கியூ, போனின் தீவுகள் அமெரிக்கப் பொறுப்பில் விடப்பட்டதும் நேரு அரசுக்கு ஏற்புடையதாக இல்லை. மாநாட்டுக்குப் போகாமல், 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டது.

கேள்வி: ஜப்பானும் ரஷ்யாவும் சட்டப்படி இன்னும் போரில்தான் இருக்கின்றனவா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை. 1956 அக்டோபரில் வெளியான கூட்டுப் பிரகடனம் போர்நிலையை முடித்துவைத்தது. அமைதி உடன்படிக்கைதான் இன்றுவரை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் குரில் தீவுகளை ஜப்பான் கைவிடுவதாக எழுதினார்களே தவிர, யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்றோ எந்தெந்தத் தீவுகள் குரிலில் சேரும் என்றோ எழுதவில்லை. ஜப்பான் நான்கு தீவுகளைக் கேட்கிறது. உடன்படிக்கை ஆனபின் இரண்டைத் தருவதாக 1956-ல் சோவியத் தரப்பு சொன்னது. உக்ரைன் போரை ஒட்டி ஜப்பான் விதித்த தடைகளைக் காரணம் காட்டி, 2022 மார்ச்சில் ரஷ்யா அந்தப் பேச்சையும் நிறுத்திவிட்டது.