வில்பத்துவுக்கு இலவச நாள் உண்டா?

2010இல் வில்பத்து தேசிய பூங்கா மறுபடி திறந்த நாளிலிருந்து வவுனியாவில் இருந்து பள்ளிப் பிள்ளைகளையும் சொந்தக்காரரையும் காடு பார்க்க ஏற்றி இறக்குவது என் வேலை. ரிக்கற் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கிளிநொச்சியிலிருந்து ஒரு ஆசிரியை: அமெரிக்காவில் தேசிய பூங்காக்களுக்கு இலவச நாட்கள் இருக்கின்றனவாம். எங்களுக்கும் அப்படி இருக்கிறதா ஐயா?

அங்கே வருடம் பிறக்குமுன்பே நாட்களை அறிவித்துவிடுவார்கள் ரீச்சர். இங்கே அப்படிப் பட்டியல் போடும் வழக்கம் இல்லை. ஒக்டோபர் 1 சிறுவர் தினத்தில் பிள்ளைகளுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் அறிவிப்பு, அது வேறு திணைக்களம். அதை நம்பி வில்பத்து வாசலில் போய் நிற்கவேண்டாம்.

இன்னொன்று, உள்நாட்டவருக்கு ரிக்கற் பெரிய காசே இல்லை. ஆளுக்கு ஒரு கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, அதன் மேல் 18 வீதம் வற் வரி. எல்லாம் சேர்த்தாலும் ஜீப் வாடகைக்குக் கிட்ட வராது. இலவச நாளைத் தேடுவதை விட ஜீப்பில் ஆறு பேரைச் சேர்ப்பதுதான் புத்தி.

வவுனியா, ஒரு தம்பி: மோட்டார் சைக்கிளில் உள்ளே விடுவார்களா அண்ணை?

மாட்டார்கள். ஓட்டோவும் இல்லை. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் சொந்தமாக இருந்தால் அதில் போகலாம்.

பரந்தன், ஒரு அக்கா: தம்பி, ரொறன்ரோவில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணன் இங்கே பிறந்தவர்தானே, எங்கள் விலையில் ரிக்கற் எடுக்கலாமா?

அக்கா, பரந்தனில் பிறந்ததும் நல்ல தமிழ் கதைப்பதும் வாசலில் செல்லாது. அவர்கள் பார்ப்பது கடவுச்சீட்டை அல்லது அடையாள அட்டையை. அண்ணனுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் வெளிநாட்டவர் விலைதான். அது உங்கள் ரிக்கற்றைப் போலப் பல மடங்கு, அதோடு சேவைக் கட்டணமும் வரும். என் மச்சான் ஒருவர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே தேத்தண்ணிக் கடையில் மூன்று மணித்தியாலம் இருந்தார். அன்றைக்கென்று அவர்கள் சிறுத்தையைக் கண்டுவிட்டார்கள். அந்தக் கதையை இன்றைக்கும் வீட்டில் அவருக்கு முன்னால் எடுக்க முடியாது.

இரண்டு விலை எங்கள் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் 2026 முதல் அந்த இலவச நாட்கள் அங்கே வசிக்கிறவர்களுக்கு மட்டும்தான். அந்த நாட்களிலும் நுழைவுக் கட்டணம் மட்டும்தான் இல்லை, கூடாரம் அடிக்கக் காசு கட்டவேண்டும். அண்ணனின் கனடா இதில் தாராளம். 2017இல் நாட்டுக்கு 150 வயதானபோது வருடம் முழுக்க இலவசம். 2018 முதல் 17 வயது வரைக்கும் எப்போதும் இலவசம். லண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே தேசிய பூங்காவுக்குள் போக ரிக்கற்றே கிடையாது. வாகனம் நிறுத்தத்தான் காசு.

ஒட்டுசுட்டான், ஒரு விவசாயி: யானை என் வயலுக்கு ரிக்கற் இல்லாமல் வருகிறது. நான் ஏன் அதைப் பார்க்கக் காசு கட்டவேண்டும்?

அண்ணை, இதற்கு எனக்கும் சரியான பதில் இல்லை. இலங்கையில் யானை உலவும் நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அதாவது பூங்காவின் எல்லைக்கல்லை யானை வாசிப்பதில்லை. இராக் கண்விழித்து வெடி போடுகிற மனிதனுக்கு ஒரு நாளாவது வாசலைச் சும்மா திறந்துவிட்டால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

மாங்குளம், உயர்தர மாணவன்: கையில் பஸ் காசு மட்டும்தான். ஏதாவது பார்க்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மன்னார் பஸ்ஸில் ஏறு. கட்டுக்கரைக் குளம் 1954 முதல் சரணாலயம். அணைக்கட்டில் நின்றால் போதும், வாசலும் இல்லை ரிக்கற்றும் இல்லை. அங்கிருந்து மன்னார்த் தீவுப் பாலத்துக்குப் போகும் வழியில் வங்காலை. 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலில் சேர்த்த ஈரநிலம், 4,839 ஹெக்டேர். கார்த்திகையிலிருந்து பங்குனிக்குள் போ. ஊசிவால் வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் சேற்றில் இறங்கியிருக்கும், உன் நேரம் நல்லதென்றால் பூநாரையும். வெயில் ஏறமுன் போய்விடு, பிறகு கானல்தான் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் கொக்கிளாய்க் களப்பு. ஒரு தொலைநோக்கி யாரிடமாவது இரவல் வாங்கு, பள்ளிக்கூடத்தில் பூட்டிவைத்த ஒன்று நிச்சயம் இருக்கும். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவா.

செட்டிகுளம், ஒரு அம்மா: வில்பத்து எங்களுக்குப் பக்கம்தானே, ஏன் இவ்வளவு சுற்றிப் போகிறீர்கள்?

வடக்கு எல்லையான மோதரகம் ஆறு பக்கம்தான் அம்மா, ஆனால் எல்லோரும் போகிற வாசல் ஹுனுவில்கமவில், அனுராதபுரம்-புத்தளம் வீதிப் பக்கம். அது காலை ஆறு மணிக்குத் திறக்கும், அதனால் மூன்று மணிக்கே கிளம்பவேண்டும். பாலைப்பழக் காலத்தில் வாருங்கள். கரடி மரத்தில் ஏறிப் பழம் தின்பதைப் பார்த்தால் நித்திரை போனது தெரியாது. பழத்துக்கு எங்கள் பிள்ளைகளுக்கும் அதற்கும் ஒரே ஆசைதான்.